வெட்டி எடுத்த மூச்சு

'டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை, காலை. ஒரு சிறிய தவறு. நடந்தது போன வாரம், தெரிந்தது இன்று. அம்மா பாடிய பாட்டில் மூச்சு இழுக்கும் சத்தத்தை எல்லாம் அழுக்கு என்று நினைத்து வெட்டி எடுத்துவிட்டேன். வெட்டாத பதிவையும் அழித்துவிட்டேன். சிறிய தவறு என்று எழுதியது சரிதானா என்று தெரியவில்லை.'

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தாள் பென்சில். பிறகு அப்படியே விட்டுவிட்டு டைரியை மூடினாள்.

காதோரம் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் ஒலிப்பதிவு வகுப்பு. எதையும் வரிசையாகச் செய்வாள். செய்து முடித்ததும், சரியாகத்தான் செய்தோமா என்று ஒருமுறை கவலைப்பட்டுக்கொள்வாள்.

இந்த முறை கலங்குவதற்குக் காரணம் இருந்தது.

வீட்டில் ஒருவருடைய குரலைப் பதிவு செய்து சுத்தப்படுத்தி வாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி எந்திரத்தில் வேலை. வேலை செய்யும்போதே பாடுவாள். பென்சில் அங்கே போய் அம்மா சேலைக்கு மேல் போடும் வேலைச் சட்டையின் காலரில் குட்டி மைக்கை மாட்டி, எல்லை வீரனைப் பற்றிய அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். நீராவிச் சத்தத்தை நீக்கினாள். மூச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். வாத்தியார் கேட்டுவிட்டு, "சுத்தம்னா இதுதான் சுத்தம்" என்று வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டினார். அப்பா பெருமை தாங்காமல் ஒரு பிரதியை வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோனார். எல்லையில் இருக்கும் வீரர்களுக்குக் குடும்பங்கள் பாடி அனுப்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஒலிபரப்ப அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள்.

இன்னொரு பிரதி அண்ணனுக்குப் போனது. அவன் அந்த எல்லையில்தான் இருக்கிறான். இன்று விடிந்ததும் அவனிடமிருந்து பதில் வந்திருந்தது.

'பென்சில், பாட்டு கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா எங்கயும் மூச்சே விடலையே. நம் வீட்டில்னு சொல்லிட்டு ஒரு இழுப்பு இழுப்பாங்களே, அது எங்க? நிஜமா இப்ப பாடினதுதானா, இல்ல பழசை ஒட்டி கிட்டி அனுப்பினியா? அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னா மறைக்காதீங்க. லீவு கேன்சல் ஆயிடுச்சு. இப்ப மலை மேல போறோம், அங்க போன் எடுக்காது. ரேடியோ மட்டும்தான். கிறிஸ்துமஸ் முடிஞ்சுதான் இறங்குவோம்.'

உடனே கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அதே குரல், அதே பதில்.

அவன் போய்விட்டான். பனியில் நின்றுகொண்டு ரேடியோவைத் திருப்புவான். அதிலும் மூச்சில்லாத அதே அம்மாதான் பாடுவாள். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று பண்டிகை முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பான்.

அப்பா கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். டவுன் பஸ் ஓட்டுநர். நவம்பர் பிறந்துவிட்டால் போதும், வீரன், தாய், பனி, விளக்கு என்று வரும் பாட்டுகள் எல்லாம் அவர் வாயில் வரிசையாகப் புறப்படும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள், "இன்னைக்கு எந்தப் பாட்டு சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். வாலிபத்தில் ராணுவத்துக்குப் போய் நின்று, பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

பென்சில் செய்தியைப் படித்துக் காட்டினாள். பாதி மழித்த முகத்தோடு திரும்பினார்.

"மூச்சா? நான் கேட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துச்சு."

"உங்களுக்கு பிரேக் சத்தம் கேட்டாலே அழுகை வரும்பா."

"கிண்டல் பண்ணாதே. அதெல்லாம் லேசுப்பட்ட பாட்டு இல்ல."

"சர்க்கரைப் பாகுப்பா. எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரு அம்மா, ஒரு விளக்கு, ஒரு சொட்டு கண்ணீர்."

"அம்மாவும் விளக்கும் இல்லாத வீட்டுக்கு எவன்மா திரும்பி வருவான்?" என்றவர் கன்னத்து நுரையைத் துடைத்தார். "சரி, இப்ப என்ன பண்ணலாம்? அந்த மூச்சைத் திருப்பி ஒட்ட முடியாதா?"

"ஒட்டறதுக்கு மூச்சே இல்லப்பா. அழிச்சுட்டேன்."

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பி மீதிக் கன்னத்தில் மறுபடியும் நுரை பூசினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வானொலி நிலையத்துக்குப் போன் செய்தாள். நிகழ்ச்சி நடத்தும் பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வேற பதிவு இருந்தா நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கையில கொடுத்துடும்மா, மாத்திடறேன். அதுக்கு மேல எல்லாப் பாட்டையும் கோர்த்து முடிச்சுடுவோம். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அப்படியானால் இன்றைக்கே அம்மா மறுபடியும் பாட வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, மைக்கும் பதிவுக்கருவியும் உள்ள பையோடு சலவைக்கூடத்துக்குப் போனாள்.

கதவைத் தள்ளியதும் ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலைமலையாகக் குவிந்திருந்தன. அம்மா ஒரு விரிப்பை எந்திரத்தின் மேல் பரப்பி, உள்ளங்கையால் நீவி, மேல்தட்டைக் கைப்பிடியோடு இழுத்து இறக்கினாள். புஸ்ஸென்று நீராவி கிளம்பியது. பக்கத்து மேஜையில் விரிப்புகளை மடிக்கும் வேலை செய்பவள், எல்லோருக்கும் 'மடிப்பு அக்கா', பென்சிலைப் பார்த்ததும் கண்ணைக் காட்டினாள். ஜாக்கிரதை என்று அர்த்தம்.

அம்மா இன்று பாடவில்லை.

"உங்க அண்ணன் மெசேஜ் போட்டிருக்கான்" என்றாள், நிமிராமல். "லீவு இல்லையாம். சாரியாம். பெத்தவளுக்கு எதுக்குடி சாரி?"

"எனக்கும் போட்டிருக்கான்மா."

"எதுக்கு வந்தே? கடை இல்லையா?"

"அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடணும்மா."

"எதுக்கு?"

பென்சில் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

அம்மா மேல்தட்டைத் தூக்கினாள். "மூச்சை வெட்டிட்டியா?"

"வகுப்புல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"அதுக்கு மார்க்கும் போட்டாராமே உங்க வாத்தியார்."

"போட்டாரும்மா."

"மூச்சே விடாத அம்மாவுக்கு முழு மார்க்கு" என்றாள் மடிப்பு அக்கா. "இன்னும் ஒரு வாரம் கொடுத்திருந்தா ஆளையே வெட்டி எடுத்திருப்பா."

அம்மா சிரிக்கவில்லை. "நான் பாடறதா இல்ல. அது பொய்ப் பாட்டு. நீயே நாலு வரி சொல்லிப் பாரு."

பென்சில் மெதுவாகச் சொன்னாள்.

'பனிமூடும் எல்லையிலே துப்பாக்கி தோளினிலே
பார்த்திருக்கும் பிள்ளைக்கு விண்மீனே சொல்லாயோ
வாசலிலே விளக்கெரியும் வாடாமல் காத்திருக்கும்
வரும்வரைக்கும் நம் வீட்டில் விடியாது திருநாளே.'

"விடியாதாம்" என்றாள் அம்மா. "போன வருஷம் அவன் வரலை. விடிஞ்சுது. நானும் எழுந்திரிச்சேன், குளிச்சேன், கோயில்ல போய்ப் பாடினேன், சாப்பிட்டேன். உங்கப்பா ரெண்டு தடவை சாப்பிட்டார். இந்த வருஷமும் விடியும். அப்புறம் எதுக்கு அவன்கிட்டப் போய் விடியாது விடியாதுன்னு பாடணும்? அங்க நிக்கறவனுக்கு இங்க நாம படுத்துக் கிடக்கறதாத் தோணாதா?"

பென்சில் போனை எடுத்து, அண்ணனின் செய்தியை அப்படியே அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரத்தில் பிடித்துப் படித்தாள். 'மறைக்காதீங்க' என்ற இடத்தில் கண் நின்றது. கீழே போய், மறுபடியும் மேலே வந்தது.

"இதை முதல்ல காட்டமாட்டியாடி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சாப்பாட்டு நேரத்துல பாடறேன்."

சாப்பாட்டு அறையில் மேஜை மேல் மைக்கை வைத்தாள் பென்சில். கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். அம்மா முதுகை நிமிர்த்தி, கோயில் பாடகர் குழுவில் நிற்பதுபோல் கையைக் கோத்துக்கொண்டு பாடினாள். அழகாகத்தான் இருந்தது. மூச்சும் இருந்தது. ஆனால் எங்கே எடுக்க வேண்டும் என்று குழுத்தலைவர் வருஷக்கணக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறாரோ அங்கே, 'வரும்வரைக்கும்' என்பதற்கு முன்னால், ஒழுங்காக எடுத்திருந்தாள்.

"அங்க இல்லம்மா. நம் வீட்டில், அதுக்கு அப்புறம்."

மறுபடியும் பாடினாள். சொன்ன இடத்தில் இழுத்தாள். யாரோ பின்னாலிருந்து கிள்ளிவிட்டதுபோல் இருந்தது.

"நடிக்கற மாதிரி இருக்கும்மா."

"நீதானே இழுக்கச் சொன்னே? எனக்கு அது தானா வர்றதுடி. கேட்டா வராது."

மூன்றாவது தடவை அம்மா பாடும்போது பென்சில் மைக்கைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். 'நம் வீட்டில்' என்ற சொல் வந்ததும் கோத்திருந்த கையில் வலதுகை மட்டும் தன்னால் விலகி, மேஜைக்கு மேலே எதையோ பிடித்து இறக்கப் போனது. ஒன்றும் அகப்படாமல் திரும்பி மடியில் விழுந்தது.

கதவோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மடிப்பு அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"தட்டு இறங்கற இடம் அது" என்றாள். "விரிப்பைப் பரப்பறப்ப முதல் வரி, நீவறப்ப ரெண்டாவது வரி மூணாவது வரி. நம் வீட்டில்னா தட்டு இறங்கும். இறங்கினா மூஞ்சிக்கு ஆவி அடிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு பிடிச்சுக்கணும், இல்லைன்னா புரை ஏறிடும். நாங்க எல்லாருமே அப்படித்தான். உங்கம்மா அதைப் பாட்டோட சேர்த்துத் தைச்சு வெச்சிருக்கா."

அம்மாவுக்கே அது புதுச் செய்தி. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குழுத்தலைவர்கிட்டச் சொல்லாதே" என்றாள். "கோயிலுக்கே எந்திரத்தைக் கொண்டு வான்னுவார்."

சாப்பாட்டு நேரம் முடிந்து எந்திரம் சூடேறியது. பென்சில் காலரில் மைக்கை மாட்டினாள். சத்தத்தைக் குறைக்கும் பொத்தான்களை எல்லாம் அணைத்தாள். போன வாரம் அழுக்கு என்று ஒதுக்கியவை எல்லாம் இன்று உள்ளே வரட்டும் என்று விட்டாள். காதில் ஹெட்போன்.

அம்மா விரிப்பை உதறினாள். பனி மூடிய மலை ஒன்று எழுந்து படிந்ததுபோல் அது எந்திரத்தின் மேல் இறங்கியது.

பாடத் தொடங்கினாள்.

மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். "இங்க என்ன நடக்குது?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். மடிப்பு அக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டியதும், வந்த காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

வாசலிலே விளக்கெரியும். உள்ளங்கை துணியை நீவியது. வாடாமல் காத்திருக்கும். ஓரத்தில் ஒரு சுருக்கத்தை விரல் இழுத்துச் சரிசெய்தது. வரும்வரைக்கும் நம் வீட்டில்.

தட்டு இறங்கியது. அம்மா மூச்சை இழுத்தாள். நீராவி எழுந்தது. அந்த ஒரு கணம் பாட்டு எங்கும் போகாமல் நின்றது.

பிறகுதான், விடியாது திருநாளே.

பென்சில் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பாகு என்று தான் ஒதுக்கிய பாட்டு இதுதானா என்றிருந்தது. இதை எழுதியவர் யாரோ தெரியாது. பெரிய சொல் எதையும் அவர் போடவில்லை. பிள்ளை, விளக்கு, வாசல், வீடு. எல்லோருக்கும் சொந்தமான சொற்கள். அதனால்தான் யார் வேண்டுமானாலும் தன் பிள்ளையை அந்தப் பனியில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஒரு பஸ் ஓட்டுநரும், இஸ்திரி போடும் ஒருத்தியும். மேற்பார்வையாளரும் யாரையோ நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நீராவி அந்தப் பக்கம் போகவேயில்லை.

பாடி முடித்ததும் அம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"பொய்தான்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல். "ஆனா பொய்யா விடணும்னு கட்டாயம் இல்ல. அவன் இறங்கி வர்ற அன்னைக்குக் கொண்டாடிக்கலாம். இருபத்தஞ்சாம் தேதி அதுபாட்டுக்கு விடியட்டும். வாசல் விளக்கை மட்டும் அணைக்காம வெச்சிருப்போம். உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அப்பா அழுவார்மா."

"அழட்டும். அவருக்கு அது உடம்புக்கு நல்லது."

மாலை வகுப்பில் பென்சில் பதிவைப் போட்டாள். வாத்தியார் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, இவ்வளவு சத்தம்? ஒரே புஸ் புஸ்னு."

"வேணும்னுதான் சார் விட்டிருக்கேன்."

"கொடு, கொஞ்சம் துடைச்சுத் தரேன்."

"வேண்டாம் சார்." சொன்ன பிறகு, ரொம்ப வெடுக்கென்று சொல்லிவிட்டோமோ என்று பயந்தாள். "இது மார்க்குக்கு இல்ல சார். எங்க அண்ணனுக்கு."

அவர் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். வகுப்பில் இருந்ததிலேயே நல்ல ஹெட்போனை எடுத்து அவள் முன் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அந்த ஹெட்போனில் எல்லாம் பக்கத்தில் கேட்டது. விரிப்பு உதறும் ஓசை, விரல் நீவும் ஓசை, தட்டு இறங்கும் ஓசை. அப்புறம் அந்த இழுப்பு.

இழுப்புக்கு உள்ளே இன்னொன்று கேட்டது. மெல்லிய, கம்பி இழைபோல ஒரு கீச்சு.

பென்சில் நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டினாள். மறுபடியும் கேட்டாள். நீராவியாக இருக்கலாம். மைக் துணியில் உரசியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு அறையில் எடுத்த பதிவிலும், நீராவியே இல்லாத இடத்தில், மூச்சு வரும்போதெல்லாம் அது வந்தது.

போன வாரமும் இருந்ததா? ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கு ஒன்றும் இல்லை. பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, தன் கையாலேயே அழித்திருந்தாள்.

அந்தக் கீச்சை மட்டும் நீக்க ஒரு நிமிஷம் போதும். அண்ணனுக்கு அம்மாவின் மூச்சு கேட்கும், நிம்மதியாக நிற்பான். விரல் பொத்தான் வரை போனது. 'மறைக்காதீங்க' என்று அவன் எழுதியது ஞாபகம் வந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் அப்போதுதான் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். பாதியில் மூச்சு வாங்க நின்று, பைக்குள் சாவியைத் தேடினாள். சாவி அவள் இன்னொரு கையில் இருந்தது.

"என்னடி அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. பையைக் கொடு."

அப்பா சமையலறையில் நின்றபடியே பதிவைக் கேட்டார். முதல் வரியிலேயே துண்டை எடுத்துவிட்டார். கடைசி வரியில் துண்டு போதவில்லை.

"இதான்மா அவ" என்றார். "இதான் அந்த இழுப்பு. எல்லையில இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சுட்டான் பாரு என் புள்ள. நாங்க ஒரே வீட்டுல இருக்கோம், எனக்குத் தெரியலை."

அம்மா சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் சின்னதாக இருமினாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் விளக்குக்குப் புது பல்பு மாட்டினாள்.

பென்சில் டைரியைத் திறந்தாள். காலையில் எழுதியதில் 'சிறிய' என்ற சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

'நாளை. 1. காலை முதல் பஸ்ஸில் போய், பதிவை எதையும் வெட்டாமல் வானொலி நிலையத்தில் கொடுப்பது. 2. அங்கிருந்து நேராக வந்து, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போவது. வரமாட்டேன் என்பாள். அழைத்துப் போவது.'